சீர்த்தட்டில் அஞ்சு தோட்டா

"நாலு இருக்காதுங்க, அஞ்சு இருக்கும்."

இந்த ஒரு வார்த்தையை எங்க மாமா விடாம இருந்திருந்தா, நமக்கு நடுவுல காலியாக் கிடக்குதே இந்த சீட்டு, இதுல அவர்தான் உக்காந்திருப்பாரு. நானும் இப்படி நீட்டி நிமிர்ந்து உக்காந்திருக்க முடியாது. நீங்க வேணும்னா அந்தப் பையை இதுல வெச்சுக்குங்ணா. ஏறினதுல இருந்து மடியிலேயே கட்டிப் பிடிச்சுட்டு இருக்கீங்க. வேண்டாமா? சரி, உங்க இஷ்டம். சாக்லேட் எடுத்துக்குங்க. நிறைய இருக்குது.

மாமா எங்கேன்னுதானே கேட்டீங்க. போலீஸ் ஸ்டேஷன்ல இருக்காரு. எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராதுங்ணா. கோயமுத்தூர் ஏர்போர்ட்டுல பெட்டியைத் திறந்தாங்க, உள்ளே தோட்டா இருந்துச்சு, பிடிச்சு உக்கார வெச்சுட்டாங்க. துப்பாக்கித் தோட்டாதான். வெடிக்கிறது. நீங்க பயப்படாதீங்க, எல்லாத்தையும் அங்கேயே எடுத்துட்டாங்க. கீழே எங்க பெட்டியில இப்போ தேங்காயும் வெல்லமும் பட்டுச்சேலையும்தான் வருது.

நாளைக்குக் காலையில அகமதாபாத்துல எங்க அக்கா கௌசிகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குச் சொந்த ஊரு கோபிப் பக்கம். ரொம்ப வருசமா அங்கே துணி யாவாரம். அம்மா, அப்பா, அக்கா மூணு பேரும் முன்னாடியே ரயில்ல போயிட்டாங்க. சீர்த்தட்டுக்கான சாமானோட சென்னிமலை மாமாவும் பரிமளா அத்தையும் நானும் பின்னாடி விமானத்துல வர்றதுன்னு பேச்சு. சென்னிமலை மாமா எங்க அம்மாவோட கூடப் பொறந்த அண்ணன். தாய்மாமன் சீர் வராம எங்க பக்கத்துல பொண்ணு மணவறை ஏறமாட்டா. அது உங்களுக்குத் தெரியுமா? தெரியுமா, அப்போ விளக்க வேண்டியதில்லை.

மாமாகிட்ட ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி இருக்குது. லைசென்சு இருக்குது, திருட்டுத் துப்பாக்கி இல்லை. எங்களுக்குச் சத்தியமங்கலத்துக்கு அக்கட்ட, அந்தப் பக்கம் மலையடிவாரத்துல வாழைத்தோட்டம். காட்டுப்பன்னி வரும்னு தாத்தா காலத்துல வாங்கினது. மாமா டீக்கடையில உக்காந்தாலும் துப்பாக்கிப் பேச்சு, எழவு வீட்டுக்குப் போனாலும் துப்பாக்கிப் பேச்சு. ஊருக்குள்ளே பேரே துப்பாக்கிக்காரருன்னுதான். ஆனா அவர் சுட்டது ஒரே ஒரு தடவைங்ணா. பன்னி வந்துச்சுன்னு சுட்டாரு, எங்க தண்ணி டேங்க் ஓட்டையாப் போச்சு. பன்னி மறுநாளும் வந்துச்சு. இதை வெளியில சொல்லக் கூடாதுன்னு வீட்டுல சட்டம். யாராச்சும் கேட்டா நான் சொல்லிடுவேன். கேக்காதவங்ககிட்டயும் சொல்லியிருக்கேன்.

மாமா வீட்டுல ஆயுத பூஜைன்னா தோட்டாவுக்குத்தான் முதல் மரியாதை. கடையில வாங்கின அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு சாமி அலமாரியிலயே வெச்சிருப்பாங்க. அதுகளைச் சீர்த்தட்டுல வைக்கறதும் அந்தக் குடும்பத்து வழக்கம்னு மாமா சொல்றாரு. அம்மா கல்யாணத்துக்கு வெச்சாங்களான்னு அம்மாகிட்டக் கேட்டேன். இல்லவே இல்லைன்னாங்க. அப்போ எப்போ வந்துச்சு இந்த வழக்கம்? நிச்சயதார்த்தத்துல இருந்துதாங்ணா வந்துச்சு.

நிச்சயத்துக்கு நான் போகல. வாழைக்குத் தண்ணி பாய்ச்ச ஆள் வேணும்னு என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க. பள்ளிக்கூடத்துல இருந்து நின்ன பயலுக்கு வேற என்ன சோலின்னு ஒரு நினைப்பு. பதினொண்ணாவது பாதியில நின்னேன். படிப்பு வராம நிக்கல, போரடிச்சு நின்னேன். அது கிடக்கட்டும். அங்கே நடந்ததை அத்தைதான் சொன்னாங்க. மாப்பிள்ளைக்கு ஒரு சித்தப்பா இருக்காராம். சொட்டைத் தலை. வாய் கொஞ்சம் நீளமாம். பந்தியில மாமா வழக்கம்போலத் துப்பாக்கிப் பேச்சை எடுத்திருக்காரு. அந்தச் சித்தப்பா ரசத்தைக் குடிச்சுட்டே, "துப்பாக்கி துப்பாக்கின்னு இலை போட்டதுல இருந்து சொல்றீங்க, திருவிழாவுல வாங்கினதுங்களா?"ன்னு கேட்டுட்டாராம். பந்தி பூராச் சிரிப்பு. அத்தையும் சிரிச்சுட்டாங்க, அதுதான் மாமாவுக்கு இன்னும் ஆறல.

அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டாரு. கல்யாணத்துக்குத் தோட்டா போகுது. பதினொரு சீர்த்தட்டு, பதினொண்ணாவது தோட்டாத் தட்டு. பச்சரிசி கொட்டி, அதுல அஞ்சு தோட்டாவை நட்டு, சுத்தி விரலி மஞ்சள். அந்தத் தட்டைக் கொண்டு போய் வேற எங்கேயும் வைக்கக் கூடாது, சொட்டைத்தலையன் காலடியில இறக்கணும்னு எனக்கு உத்தரவு. அவரு மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும்கிறதுக்காகவே மாமா புதுக் கண்ணாடி வாங்கினாருங்ணா.

ஏன் சிரிக்கிறீங்க? சிரிக்கலையா. இருமலா. தண்ணி கேக்கட்டுமா? சரி.

விமானத்துல தோட்டா கொண்டு போக விடுவாங்களான்னு மாமாவுக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. போன்ல பார்த்துச் சொல்லுடான்னாரு. பார்த்தேன். கையில கொண்டு போற பையில கூடாது, கீழே போடற பெட்டியில கொண்டு போகலாம்னு முதல் வரியிலயே போட்டிருந்துச்சு. "போகலாம் மாமா"ன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அதுல ஒரு எழுத்துப் பொய் கிடையாது.

கீழே இன்னும் இருந்துச்சுங்க, இல்லைங்கல. நீளமா இங்கிலீசுல போயிட்டே இருந்துச்சு. யாரு அதை உக்காந்து படிக்கறது? லைசென்சு கூட இருக்கணும், கவுண்டர்லயே வாயைத் திறந்து சொல்லணும், தோட்டா தனியா அதோட அட்டைப்பெட்டியில இருக்கணும், வேற சாமானோட கலக்கக் கூடாது, இதெல்லாம் அதுல இருந்துச்சாம். ஏர்போர்ட்டு அதிகாரி சொல்லித்தான் தெரியும். முக்கியமானதை அவங்க முதல் வரியிலயே போட்டிருக்கணும். நான் படிச்ச வரைக்கும் சரியாத்தான் சொன்னேன். இதுல என் மேல என்ன தப்பு சொல்லுங்க.

துப்பாக்கியை மாமா எடுக்கல. அதைத் தூக்கிட்டு ஏர்போர்ட்டுக்குள்ள நுழைஞ்சா சனம் அலறும்னாரு. லைசென்சு துப்பாக்கியோடதுதானே, துப்பாக்கி வராதப்போ லைசென்சு எதுக்குன்னு அதையும் பீரோவுலயே வெச்சுட்டாரு. தோட்டாவை அத்தை ஒரு எவர்சில்வர் போசியில பச்சரிசிக்குள்ள புதைச்சு, மேலே அச்சுவெல்லமும் மஞ்சளும் போட்டு, மூடி வெச்சு, மஞ்சத்துணியில கட்டி மாமா பெட்டியில வெச்சாங்க. வெல்லத்தோடவா வைக்கறது, தனியா வைக்க வேண்டாமான்னு நான் கேட்டேன். பூஜை பண்ணினதைச் செருப்போடவா வைப்பாங்கன்னு அத்தை சத்தம் போட்டாங்க. நான் செருப்போட வைக்கச் சொல்லவே இல்லை.

கவுண்டர்ல அந்தப் பொண்ணு மரியாதையாத்தான் கேட்டுச்சு, தீப்பெட்டி, பேட்டரி, ஆயுதம் ஏதாச்சும் இருக்குதாங்கன்னு. மாமா நெஞ்சை நிமிர்த்திட்டு, "கல்யாணச் சீர் அம்மணி"ன்னாரு. அந்தப் பொண்ணும் சிரிச்சுட்டுப் பெட்டியை உள்ளே தள்ளிருச்சு. அத்தை பூ வெச்சு விடக்கூடப் பார்த்தாங்க அந்தப் பொண்ணுக்கு.

காப்பி குடிச்சுட்டு இருக்கறப்போ மாமா பேரை மைக்குல கூப்பிட்டாங்க. மாமாவுக்கு முதல்ல சந்தோசம்தான், தன் பேரை ஏர்போர்ட்டுல கூப்பிடறாங்கன்னு. மூணு பேரும் போனோம். உள்ளே ஒரு மேசை. மேல நம்ம பெட்டி. பக்கத்துல ஒரு அதிகாரி, தேனிப் பக்கத்துப் பேச்சு. திரையில படம் தெரிஞ்சுது, போசிக்குள்ள விரல் விரலா என்னென்னவோ. எது மஞ்சள் எது தோட்டான்னு அவருக்கே புரியல போல. திறக்கச் சொன்னாரு. அத்தை முடிச்சை அவிழ்த்தாங்க. வெல்லத்தை எடுத்ததும் அரிசிக்கு மேல சிவப்பா ஒண்ணு எட்டிப் பார்த்துச்சு, நெத்தியில குங்குமத்தோட.

இது யாருதுன்னு அதிகாரி கேட்டாரு.

பார்க்கணும் நீங்க. டீக்கடை டீக்கடையாத் தோட்டாப் பேச்சுப் பேசின மனுசன். "பொம்பளைங்க கட்டின போசிங்க, எனக்கொண்ணும் தெரியாது"ன்னுட்டாரு. அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தாங்க. அந்தப் பார்வையில எங்க மாமா ஒரு சாண் குறைஞ்சு போயிருப்பாரு. அப்பறம் அத்தை என்ன நினைச்சாங்களோ, என்னைப் பார்த்தாங்க. ரெண்டு பேருமே என்னைப் பார்த்தாங்க.

அதிகாரி யாருக்கோ போன் போடத் திரும்பினதும் மாமா என் தோளைப் பிடிச்சு ஓரமாத் தள்ளிட்டுப் போயிட்டாரு. "தர்னேசு, உனக்கு இன்னும் பதினெட்டு ஆகல. விளையாட்டுக்கு எடுத்து வெச்சேன்னு சொல்லு. ரெண்டு அதட்டு அதட்டி விட்டுருவாங்க. நான் மாட்டினா நாளைக்கு உங்கக்காளுக்குச் சீர் யாருடா செய்யறது?"

அவர் சொன்னதுல ஒண்ணு நிஜம்தாங்ணா. சீர் செய்ய அவரை விட்டா ஆள் இல்லை. அக்கா எனக்கு நல்லவ. நான் பள்ளிக்கூடம் நின்னப்போ அப்பா அடிக்க வந்தாரு, அவதான் குறுக்க நின்னு அந்த அடியை வாங்கினா. அதெல்லாம் மண்டைக்குள்ள ஓடிச்சு. ஆனா நான் ஜேசிபி ஓட்டப் பழகிட்டு இருக்கேன். துபாய் போகணும். ஒரு கேசு விழுந்தா பாஸ்போர்ட்டு கிடையாதுன்னு ஜேசிபி ஓனர் சொல்லியிருக்காரு. அது போக, நான் வைக்காததை வெச்சேன்னு எப்படிச் சொல்றது? நாக்கு புரளாதுங்ணா எனக்கு.

அதிகாரி வந்தாரு. "தம்பி, நீயா வெச்சே?"ன்னாரு. மாமா பின்னாடி இருந்து என் சட்டையைப் பிடிச்சு இழுக்கறாரு.

"இல்லைங்க சார்"ன்னேன்.

"அப்ப யாரு?"

"என்னைக் கேட்டீங்கன்னா சொல்லிருவேன் சார். அதனால என்னைக் கேக்காதீங்க, அவங்களையே கேளுங்க."

இதுக்கு மேல ஒருத்தன் எப்படிங்ணா காட்டிக் குடுக்காம இருக்க முடியும்? அதுக்குப் போய் மாமா என்னை முறைக்கிறாரு.

அந்த அதிகாரியும் நல்ல மனுசன்தான். யாரு வெச்சதுன்னு தெரியாமலே பெட்டிக்குள்ள வந்திருந்தா அது வேற, தெரிஞ்சே வெச்சிருந்தா அது வேறன்னு பக்கத்துல இருந்தவர்கிட்டச் சொல்லிட்டு இருந்தாரு. எனக்கு அது காதுல விழுந்துச்சு. மாமாவுக்கும் விழுந்திருக்கும். தெரியாதுன்னு அப்படியே நின்னிருந்தா ஒருவேளை எழுதி வாங்கிட்டு விட்டிருப்பாங்க. விட்டிருக்க மாட்டாங்களோ என்னவோ. ஆனா ஒரு வழி இருந்துச்சு.

பேப்பரை விரிச்சு அரிசியைக் கொட்டினாங்க. மஞ்சளை ஒரு பக்கம் ஒதுக்கினாங்க, தோட்டாவை ஒரு பக்கம். அதிகாரி எண்ணினாரு. "நாலு தோட்டா"ன்னு சொல்லிட்டுப் பேனாவை எடுத்து எழுதப் போனாரு.

அங்கேதான் மாமா துடிச்சுப் போயிட்டாரு. கல்யாணச் சீருல ரெட்டைப்படையா? அதுவும் அவர் குடும்பத்துச் சீருல? "நாலு இருக்காதுங்க, அஞ்சு இருக்கும். நாங்க ரெட்டைப்படையில வைக்க மாட்டோம். நல்லாப் பாருங்க, வெல்லத்துல ஒட்டியிருக்கும்."

வெல்லத்துலதான் ஒட்டியிருந்துச்சு.

அதிகாரி அதை உரிச்சு எடுத்து, மத்த நாலோட வெச்சுட்டு, மாமாவை நிமிர்ந்து பார்த்தாரு. பேனாவை மூடி வெச்சுட்டு, உக்காருங்கன்னு நாற்காலியைக் காட்டினாரு. அத்தை தலையில கை வெச்சுட்டாங்க. மாமாவுக்கு மட்டும் ரொம்ப நேரம் புரியல. அஞ்சு சரியா இருக்குதேங்கிற நிம்மதி முகத்துல தெரிஞ்சுது, பாவம்.

பிறகு துப்பாக்கி எங்கே, லைசென்சு எங்கே, எதுக்கு உபயோகம்னு கேள்வி. மாமா ஆனை, பன்னி, தோட்டம், தாத்தான்னு ஆரம்பிச்சாரு. அதிகாரி என் பக்கம் திரும்பி, நிஜமாவே இதை உபயோகிக்கிறாரான்னாரு. ஒரே ஒரு தடவை, தண்ணி டேங்க்கைச் சுட்டாருன்னேன். கேட்டாங்க, சொன்னேன். அந்த ரூமுல இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. ஒருவேளை அந்தச் சிரிப்புலதான் அவங்க கொஞ்சம் இளகினாங்கன்னு நான் நினைக்கிறேன். மாமா அப்படி நினைக்கல. போலீஸ்ல ஒப்படைச்சதுக்குக்கூட அவர் அழுவல, டேங்க் பேச்சு வந்ததும் கண்ணு கலங்கிருச்சு.

ஊருல இருந்து ஒருத்தர் லைசென்சை எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வர்றாரு. வக்கீலுக்கும் சொல்லியாச்சு. அத்தை மாமாவோட இருந்துட்டாங்க. என்னை அதிகாரிதான், "நீ கிளம்புப்பா, உன் பேரு எதுலயும் இல்லை. அக்கா கல்யாணத்தைப் பாரு"ன்னு தட்டிக் குடுத்து அனுப்பினாரு. போசியை எடுத்து வெச்சுக்கிட்டாங்க. அப்போ பதினொரு தட்டு பத்துன்னு ரெட்டைப்படையாப் போச்சா, அத்தைக்கு அது வேற பதறுது. ஸ்டேஷனுக்குப் போற அவசரத்துலயும் ஏர்போர்ட்டுக் கடைக்கு ஆள் விட்டு ஒரு சாக்லேட் டப்பா வாங்கி என் கையில திணிச்சாங்க, இதுதான் பதினொண்ணாவது தட்டு, பிரிக்காதேன்னு.

ஆமாங்ணா. இப்போ நாம தின்னுட்டு இருக்கறது அதுதான். பசிச்சுது. காலையில இருந்து அந்தக் காப்பி ஒண்ணுதான்.

அக்காவை நினைச்சாத்தான் ஒரு மாதிரி இருக்குது. மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரிஞ்சா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க? தாய்மாமன் போலீஸ் ஸ்டேஷன்ல, சீருல தோட்டா. அந்தச் சொட்டைத் தலை ஒருத்தர் போதும், பந்தி முழுக்க இதையே பேசி... நிறுத்திருவாங்களா கல்யாணத்தை? நீங்க பெரியவங்க, சொல்லுங்க.

என்னது? மாமாவுக்கு நெஞ்சுவலி இப்போ எப்படி இருக்குதுன்னா?

நெஞ்சுவலின்னு நான் சொல்லவே இல்லையே. அது மண்டபத்துக்குப் போய்ச் சொல்றதுக்குங்ணா. அத்தை மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும்தான் போன் போட்டு அப்படிச் சொன்னாங்க, வேற யாருக்கும்...

தொப்பியை ஏன் கழட்டறீங்க. ஏசி குளிரலையா.

ஓ.

அந்தப் பைக்குள்ள மஞ்சத்துணியா இருக்குதே, அது தாலிங்களா?

கோபியில தாலி செஞ்சு வாங்கறதுக்கு மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஒருத்தர் வந்திருக்காரு, இதே விமானத்துல ஏறினாலும் ஏறுவாருன்னு அத்தை சொன்னாங்க. நானும் ஏறினதும் சுத்திப் பார்த்தேன். சொட்டைத் தலையாத் தேடினேன். நீங்க தொப்பி போட்டிருந்தீங்க.

சரிங்க. இனி அண்ணான்னு கூப்பிட்டா நல்லா இருக்காது. மாமான்னு கூப்பிடறேன். சொன்னதுல எதையும் நான் திருப்பி வாங்கிக்கல. வாய் நீளம்னு சொன்னது அத்தை, நான் இல்லை. ஆனா நீங்களும் பந்தியில அப்படிக் கேக்காம இருந்திருந்தா அந்தப் போசி எங்க வீட்டு அடுப்படியிலயே இருந்திருக்கும், அதையும் சொல்லிடறேன். அக்காவுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவ இப்போ கையில மருதாணியோட உக்காந்திருப்பா. என்னை என்ன வேணும்னாலும் பேசுங்க. அந்தத் தாலியை மட்டும் இறங்கினதும் கொண்டு போய்ச் சேர்த்துருங்க மாமா.

கிளம்பறப்போ அத்தை என்னை ஏர்போர்ட்டு வாசல் பக்கத்துல நிறுத்தி, பள்ளிக்கூடத்துல செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்ல வெச்சாங்க. மாமாவுக்குத் திடீர்னு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குது, பயப்பட ஒண்ணுமில்லை. யார் எப்படிக் கேட்டாலும் இதைத்தான் சொல்லணும், இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது. அம்மாகிட்டயும் இதுதான், அக்காகிட்டயும் இதுதான், முக்கியமா உங்ககிட்ட.

நெஞ்சுவலி எல்லாம் இல்லீங்க மாமா.